வாரம் ஒருநாள், குறைந்தது ஒரு வருடம்: தந்தையில்லாச் சிறுவர்களுக்கு வழிகாட்டுவது பற்றி வாசகர் கேள்விகள்

தந்தையை இழந்த, அல்லது தந்தை விட்டுப்போன சிறுவர்களுக்குத் தன்னார்வலராகத் துணை நிற்பது பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். தன்னார்வலர்கள் மட்டுமல்ல, தாய்மார்களும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம். பிள்ளைகளின் நலன் கருதிப் பெயர்களை வெளியிடவில்லை.

எங்கள் தெருவில் 12 வயதுப் பையன் ஒருவன். அப்பா இரண்டு வருடம் முன்பு சாலை விபத்தில் இறந்துவிட்டார். அம்மா ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். பள்ளி விட்டு வந்தால் இரவு 9 மணி வரை பையன் தனியாகத்தான் இருக்கிறான். அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
*- ஓய்வுபெற்ற அஞ்சல்துறை ஊழியர், தஞ்சாவூர்*

முதலில் அவன் அம்மாவைப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். உங்கள் மனைவியையோ, அவருக்குப் பழக்கமான பக்கத்து வீட்டு அம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். கணவனை இழந்த பெண்ணின் வீட்டுக்கு ஓர் ஆண் வந்து போனால் தெருவில் என்ன பேச்சு வரும் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் பேச்சு உங்களைத் தொடாது, அவரைத்தான் தொடும். அதனால் பையனைச் சந்திக்கும் இடம் அவர் வீடாக இருக்கக் கூடாது. ஊர் நூலகம், விளையாட்டு மைதானம், கோயில் வெளிப்பிரகாரம், உங்கள் வீட்டுத் திண்ணை என்று நாலு பேர் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும்.

எந்த நாள், எத்தனை மணி, எங்கே, எவ்வளவு காலம் என்பதை அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவருக்குப் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே நிறுத்திவிடலாம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். உதவி செய்கிறவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பையனிடம் தனியாகக் கேளுங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு கேட்டால் அவன் தலையாட்டத்தான் செய்வான்.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒரு வருடம் விடாமல் வர முடியுமா? அமெரிக்காவில் 1904-ல் தொடங்கி இன்றும் இந்த வேலையைச் செய்துவரும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் பிள்ளைகள் 959 பேரை 1990-களின் தொடக்கத்தில் ஒன்றரை வருடம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வயது 10 முதல் 16 வரை. வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவதும் போதைப்பழக்கம் தொடங்குவதும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அதே தரவுகளைப் பின்னாளில் மறுபடி அலசியபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் நல்ல பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில், பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பைவிடக் குறைந்துபோயிருந்தது. ஏற்கெனவே ஒருவரை இழந்த பையனிடம் இரண்டு மாதம் பாசமாக இருந்துவிட்டு மறைந்துபோவதைவிடத் தொடங்காமல் இருப்பது நல்லது. இந்தப் பகுதியில் நாங்கள் சொல்லும் மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறை, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும். ஞாயிறு மாலை 4 மணி என்றால் எல்லா ஞாயிறும் 4 மணிதான். முதல் மாதம் ஆர்வத்தில் வாரம் மூன்று நாள் போய், பிறகு மாதம் ஒன்றாகக் குறைக்கிறவர்கள் நிறைய. பையன் அதை 'நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது' என்றுதான் எடுத்துக்கொள்வான்.

முதல் சந்திப்புகளில் உட்காரவைத்துப் பேச முயலாதீர்கள். இருவரும் ஒரே வேலையில் கைவைக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள். சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது நல்ல தொடக்கம். டயர் லீவர் இரண்டு, ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், ஒரு வாளித் தண்ணீர், பம்பு. இவ்வளவுதான் தேவை. டியூபுக்குக் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தை அவன் கண்டுபிடிக்கட்டும். ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி ஐந்து நிமிடம் காயவிட வேண்டும். பொறுமையில்லாமல் ஈரத்திலேயே ஒட்டினால் ஒட்டு நிற்காது. டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி முள்ளைத் தேடி எடுக்காமல் மாட்டினால் மறுநாளே திரும்பப் பஞ்சர். அந்த ஐந்து நிமிடக் காத்திருப்பில்தான் பேச்சு வரும். முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்டால் வாய் திறக்காத பையன், கையில் டியூபை வைத்துக்கொண்டு தானாகச் சொல்வான். மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் மாற்றுவது வேண்டாம். மின்சாரம் சம்பந்தப்பட்ட வேலை எதுவும் முதல் வருடம் வேண்டாம். கேரம், சதுரங்கம், சமையல், செடி வைப்பது எல்லாம் சரி.

ஒரு எச்சரிக்கை. இதை டியூஷனாக மாற்றிவிடாதீர்கள். பெரியவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவது சுலபம், பழகுவது கஷ்டம். அதனால் மூன்றாவது வாரமே கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். அவன் கேட்டால் சொல்லித் தாருங்கள். கேட்காமல் மதிப்பெண் விசாரிக்கிறவர்கள் அவனைச் சுற்றி ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பையனுக்கு 13 வயது. இப்போதெல்லாம் தங்கையை அடிக்கிறான், என்னை எதிர்த்துப் பேசுகிறான். கண்டிக்க ஓர் ஆண் வேண்டும் என்கிறார் என் அண்ணன். வழிகாட்டி யாராவது வந்தால் திருந்துவானா?
*- வாசகி, விருதுநகர்*

அம்மா, அவனைக் கண்டிக்க என்று யாரையும் அழைத்து வராதீர்கள். வந்த முதல் நாளே அது போலீஸ்காரர் வேலையாகிவிடும், பையன் அவரை நெருங்கவே மாட்டான்.

சாவு வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொள்ளி வைத்தவன் அவனாகத்தான் இருப்பான். மொட்டையடித்து, ஈர வேட்டியோடு நின்றவனிடம் வந்தவர்கள் எல்லோரும், 'இனி நீதாம்ப்பா வீட்டுக்கு ஆம்பளை, அம்மாவையும் தங்கச்சியையும் பாத்துக்கணும்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆறுதலாகத்தான் சொன்னார்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சம்பாதிக்க வழியில்லை, முடிவெடுக்க உரிமையில்லை. 'ஆம்பளை' என்று காட்ட அவனுக்குத் தெரிந்தது தங்கையை அதட்டுவது ஒன்றுதான். அழவும் கூடாது என்று அவனே முடிவுகட்டியிருப்பான். இந்த வயதில் துக்கம் பெரும்பாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

நீங்கள் செய்யக்கூடியவை: 'வீட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை, நீ படிக்கிற பையன்' என்று நேராகச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது. அவன் வயதுக்கேற்ற பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். ரேஷன் கடைக்குப் போய் வருவது மாதிரி. தங்கை மேல் கைவைத்தால் அதற்கு விலக்கே கிடையாது, அதைக் கண்டிப்பது உங்கள் வேலை. அண்ணனையோ வழிகாட்டியையோ வைத்து மிரட்டினால் உங்கள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்காது. வழிகாட்டி வந்தால் அவர் வேலை வேறு: அதட்டாமல், அடிக்காமல், வீட்டு வேலையைக் கேவலமாக நினைக்காமல் வாழ்கிற ஓர் ஆணை அவன் பக்கத்தில் இருந்து பார்ப்பது. அந்தப் பாடம் மாதக்கணக்கில்தான் ஏறும்.

தாய்மாமாவுக்கு நம் குடும்பங்களில் பெரிய இடம் உண்டு. உங்கள் அண்ணன் மாதம் இருமுறை அவனை மட்டும் தனியாகத் தன் வேலைக்கோ தோட்டத்துக்கோ அழைத்துப்போக முடியுமா என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டு தவறாமல் செய்தால் வெளியாள் தேவைப்படாமலே போகலாம்.

14 வயதுப் பையன் ஒருவனுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். ஐந்து வாரம் ஆகிறது. எதைக் கேட்டாலும் 'ம்', 'தெரியல'. போன வாரம் சொல்லாமல் வரவே இல்லை. விட்டுவிடலாமா?
*- மென்பொருள் பொறியாளர், கோவை*

விடாதீர்கள். ஐந்து வாரத்தில் பேசாமல் இருப்பது சாதாரணம். வராமல் இருந்ததும் பெரும்பாலும் ஒரு பரிசோதனைதான். 'நான் வராவிட்டால் இவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரா?' என்று பார்க்கிறான். அடுத்த வாரம் அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். 'போன வாரம் நாலரை வரைக்கும் இருந்தேன், அடுத்த தடவை வர முடியலைன்னா அம்மா போன்ல ஒரு வார்த்தை சொல்லிடு' என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுங்கள். விசாரணை வேண்டாம்.

கேள்விகளைக் குறையுங்கள். 'பள்ளி எப்படிப் போச்சு?' என்ற கேள்விக்கு 'ம்' தவிர வேறு பதில் கிடையாது. 'உங்க கிளாஸ்ல யாரு நல்லா பவுலிங் போடுவா?' என்றால் ஒரு பெயராவது வரும். இரண்டு தேர்வு கொடுத்து அவனை முடிவெடுக்க விடுங்கள்: கிரிக்கெட்டா, நூலகமா? எட்டாவது, பத்தாவது வாரம் வரை இப்படியே போகலாம்.

ஆனால் சில அறிகுறிகளைச் சாதாரண மௌனமாக எண்ணிவிடக் கூடாது: தூக்கமின்மை, சாப்பாட்டை ஒதுக்குவது, பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேச்சு, உடம்பில் கீறல். இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே அம்மாவிடம் சொல்லுங்கள். 'யாரிடமும் சொல்லாதீங்க' என்று அவன் கெஞ்சினாலும் உயிர் சம்பந்தப்பட்டதை ரகசியமாக வைக்க முடியாது என்று அவனிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இரண்டும் கட்டணமில்லாத எண்கள், தமிழிலேயே பேசலாம்.

ஏழு பேர் சேர்ந்து எங்கள் பகுதியில் இந்தப் பணியைத் தொடங்க இருக்கிறோம். பாதுகாப்புக்கு என்னென்ன விதிகள் வேண்டும்?
*- இளைஞர் மன்றத்தினர், சேலம்*

இதைத் தொடங்கும் முன்பே கேட்டதற்குப் பாராட்டு. நல்ல எண்ணம் உள்ளவர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நம்பித் தொடங்குவது பெரிய ஆபத்து. அப்பா இல்லாத, அம்மா வேலைக்குப் போய்விடுகிற பிள்ளைகளைத் தேடி வருகிற தவறான ஆட்களும் உண்டு. அவர்கள் பார்க்க மிகவும் அன்பானவர்களாகத்தான் இருப்பார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இல்லை என்கிற எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும்.

சேர்க்கும்போது: ஆதார் நகல், காவல்துறை சரிபார்ப்புச் சான்று, குடும்பத்தார் அல்லாத இரண்டு பேரின் பரிந்துரை. பரிந்துரைத்தவர்களுக்கு நீங்களே போன் செய்யுங்கள். கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைப்பதால் பயனில்லை. நேர்காணலை இரண்டு பேர் சேர்ந்து நடத்துங்கள். 'முன்பு எங்கே தன்னார்வலராக இருந்தீர்கள், ஏன் விலகினீர்கள்?' என்று கேட்டு, அந்த இடத்திலும் விசாரியுங்கள். அவசரப்படுகிறவரையும், குறிப்பிட்ட வயதுப் பையன்தான் வேண்டும் என்று வற்புறுத்துகிறவரையும் சேர்க்க வேண்டாம். இந்த விஷயத்தில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. கவுன்சிலரின் மைத்துனராக இருந்தாலும் அதே படிகள்தான்.

சந்திப்பில்: பிறர் பார்வையில் படும் இடம் மட்டும். பூட்டிய அறை, விடுதி அறை, இரவுத் தங்கல், சினிமா இரண்டாம் ஆட்டம் எதுவும் கிடையாது. வெளியூர்ப் பயணம் என்றால் குழுவாக, அம்மாவின் எழுத்து அனுமதியோடு. இரவு நேரத்தில் பையனுக்குத் தனிச்செய்தி அனுப்பக் கூடாது. அம்மா, வழிகாட்டி, ஒருங்கிணைப்பாளர் மூவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று போதும். 'இது நமக்குள்ளேயே இருக்கட்டும்' என்று பெரியவர் ஒருவர் எந்தச் சின்ன விஷயத்துக்குச் சொன்னாலும் அது விதிமீறல் என்பதைப் பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள், வழிகாட்டிக்கும் சொல்லுங்கள்.

படம் எடுத்து, 'தந்தையை இழந்த சிறுவனுக்கு எங்கள் மன்றத்தின் உதவி' என்று ஸ்டேட்டஸ் போடுவதை முதல் நாளே தடைசெய்யுங்கள். மறுநாள் பள்ளியில் அவன் வகுப்பே அதைப் பார்த்திருக்கும்.

உங்களில் ஒருவர் வழிகாட்டியாக இல்லாமல் ஒருங்கிணைப்பாளராக மட்டும் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அம்மாவிடம், பையனிடம், வழிகாட்டியிடம் தனித்தனியாகப் பேசி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். பையனிடம் கேட்கும்போது, 'எல்லாம் நல்லாத்தானே போகுது?' என்று கேட்டால் 'ஆமாம்'தான் வரும். 'போன வாரம் எங்கே போனீங்க, யார் யார் இருந்தாங்க, பிடிக்காதது எது?' என்று கேளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே ஒருங்கிணைப்பவருக்குப் பத்து ஜோடிக்கு மேல் தாங்காது என்பது எங்கள் கருத்து.

தவறு நடந்ததாகத் தெரிந்தால் மன்றத்துக்குள் பஞ்சாயத்துப் பேசக் கூடாது. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குற்றம் நடந்திருப்பதாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பையனிடம் நீங்கள் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொண்டு, 'சொன்னது நல்லது, தப்பு உன்மேல் இல்லை' என்று மட்டும் சொல்லுங்கள்.

பையனின் அம்மா கடன் கேட்கிறார். பையன் போன் கேட்கிறான். கொடுக்கலாமா?
*- வாசகர், மதுரை*

இரண்டும் வேண்டாம். பணம் நடுவில் வந்துவிட்டால் அம்மாவால் உங்களிடம் எதையும் மறுத்துப் பேச முடியாது. பிறந்தநாளுக்கு ஒரு புத்தகம், போகிற இடத்தில் டீ, பஜ்ஜி என்ற அளவோடு நிறுத்துங்கள். ஆனால் 'இல்லை' என்று சொல்லிவிட்டுக் கையை விரித்து நிற்க வேண்டாம். அரசிடமிருந்து அவர்களுக்கு வரவேண்டியதை வாங்கித் தருவதற்கு உதவுங்கள். கடனைவிட அது பெரிய தொகை.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஆதரவுத்தொகையாகக் குழந்தைக்கு மாதம் ரூ.4,000 உண்டு. தாய் கைம்பெண்ணாகவோ, விவாகரத்து ஆனவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் ரூ.72,000, மற்ற இடங்களில் ரூ.96,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துத்தான் அனுமதி கிடைக்கும் என்பதால் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல் மாதம் ஒருமுறை விசாரியுங்கள்.

அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின், சம்பாதிக்கும் தந்தையோ தாயோ விபத்தில் இறந்தால் பிள்ளையின் பெயரில் ரூ.75,000 வைப்புத்தொகையாகப் போடும் திட்டம் பள்ளிக்கல்வித்துறையில் உள்ளது. பல தாய்மார்களுக்கு இது தெரியாது. தலைமையாசிரியர் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எட்டாம் வகுப்பில் இருந்தால் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு எழுதவையுங்கள். தேர்வானால் 9 முதல் 12-ம் வகுப்பு வரை வருடம் ரூ.12,000. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000.

விண்ணப்பங்கள் எங்கே சிக்குகின்றன? பெரும்பாலும் பெயரில். இறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் வேறொன்று. இரண்டாவது காரணம், பையன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாதது, அல்லது இருந்தும் ஆதாரோடு இணைக்காதது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு மேசையில் விரித்து, பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சனிக்கிழமை மாலை இதற்குப் போதும்.

அப்பா உயிரோடுதான் இருக்கிறார். குடித்துவிட்டு வேறு ஊரில் கிடக்கிறார். பையன், 'அந்தாளு செத்தாக்கூட நல்லது' என்கிறான். என்ன சொல்வது?
*- வாசகர், திண்டுக்கல்*

'அப்படியெல்லாம் சொல்லக் கூடாது' என்று அடக்காதீர்கள், 'ஆமாம், அப்படிப்பட்ட ஆள்தான்' என்று சேர்ந்துகொள்ளவும் செய்யாதீர்கள். 'ரொம்பக் கோபமா இருக்க' என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். இன்று திட்டுகிறவன் தீபாவளிக்கு அவர் வருவாரா என்று வாசலைப் பார்ப்பான். நீங்கள் சேர்ந்து திட்டியிருந்தால் அன்றைக்கு உங்கள் முகத்தில் விழிக்க அவனுக்குச் சங்கடமாக இருக்கும். அவர் திரும்பி வந்து வீட்டில் அடிதடி நடந்தால் மகளிர் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

பெண்கள் ஆண் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்கலாமா?
*- பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்*

தாராளமாக. தவறாமல் வருவதுதான் முக்கியம். சில பையன்கள் பெண்களிடம்தான் அழுகிறார்கள்.

14 வயதுப் பையன், 'உடம்பு கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன்' என்று என்னிடம் சொன்னான். தூக்கத்தில் விந்து வெளியேறுவதைச் சொல்கிறான் என்று பிறகுதான் புரிந்தது. இதை நான் பேசலாமா?
*- வாசகர், திருப்பூர்*

பேசத்தான் வேண்டும். உங்களிடம் சொன்னதே பெரிய நம்பிக்கை. பருவ வயதுப் பேச்சு வந்தால் பதில் சொல்வேன் என்பதை அம்மாவிடம் தொடக்கத்திலேயே சொல்லி அனுமதி வாங்கியிருப்பது நல்லது. இதுவரை சொல்லவில்லை என்றால், பொதுவாக இப்போது சொல்லிவிடுங்கள்.

அவனிடம் சுருக்கமாக: இது இந்த வயதில் ஆண்களுக்கு இயல்பாக நடப்பது, நோய் இல்லை, ரத்தம் வீணாவதில்லை, பலவீனம் வராது, மருந்து தேவையில்லை. இந்தப் பயத்தை வைத்துத்தான் லேகியக் கடைகளும் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களும் பிழைக்கிறார்கள். சுவரொட்டியைப் பார்த்து அங்கே போய்விடாதே என்றும் சொல்லுங்கள். வலி, எரிச்சல், வீக்கம் இருந்தால் மட்டும் அரசு மருத்துவமனை. பேச்சு பொது இடத்தில், ஆனால் பிறர் காதில் விழாத தூரத்தில் இருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். படமோ வீடியோவோ காட்டி விளக்கவே கூடாது.

முகச்சவரமும் இப்படித்தான். சலூனில் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதையும், நண்பனின் ரேசரை வாங்கக் கூடாது என்பதையும் சொல்லித்தர அவனுக்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

பத்தாம் வகுப்பில் இரண்டு பாடம் போய்விட்டது. 'வேலைக்குப் போய் அம்மாவைப் பார்க்கிறேன்' என்று நிற்கிறான். எப்படித் தடுப்பது?
*- வாசகர், சிவகாசி*

தடுக்க முயலாதீர்கள், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பது அவனுக்குள் இருக்கும் நல்ல குணம், அதைப் பழிக்கக் கூடாது. முதலில் துணைத்தேர்வு: தேர்வு முடிவு வந்த சில நாட்களிலேயே விண்ணப்பத் தேதி வந்துவிடும், அந்த வாரத்தில் அழுதுகொண்டிருந்துவிட்டுத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும்.

படிப்பு வேண்டவே வேண்டாம் என்றால் அரசு ஐ.டி.ஐ. வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். அரசு நிலையங்களில் கட்டணமில்லாப் பயிற்சியோடு மாதம் ரூ.750 உதவித்தொகையும் கிடைக்கும். கேட்டால் மட்டும் நம்ப மாட்டான். ஒருநாள் அழைத்துப்போய்ப் பட்டறையைக் காட்டுங்கள்.

உங்கள் ஊருக்காக ஒன்று: 14 வயது ஆகிவிட்டால் எந்த வேலைக்கும் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டாசு, தீப்பெட்டி போன்ற வெடிபொருள் வேலைகளில் 18 வயது ஆகாதவர்களை அமர்த்துவது சட்டப்படி குற்றம். தெரிந்தவர் ஆலைதானே என்று யாரும் பரிந்துரைக்க வேண்டாம்.

எனக்கு ஒசூருக்கு மாற்றலாகிவிட்டது. எட்டு மாதமாகப் பழகும் பையனிடம் எப்படிச் சொல்வது?
*- வாசகர், திருச்சி*

தெரிந்த அன்றைக்கே சொல்லுங்கள். கடைசி வாரம் வரை தள்ளிப்போடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. நேரில், முதலில் அம்மாவிடம், அதே நாளில் பையனிடம். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள்: வேலை, இந்தத் தேதி, இந்த ஊர். 'நீ செய்த எதனாலும் இல்லை' என்பதை அந்தச் சொற்களிலேயே சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வான்.

இடையில் நான்கு சந்திப்பாவது இருக்கட்டும். அவற்றில் அவன் கோபப்படலாம், வராமலும் இருக்கலாம். நீங்கள் மட்டும் ஒன்றையும் தவறவிடாதீர்கள். 'அடிக்கடி வருவேன்' என்ற வாக்குறுதி வேண்டாம். ஒரு வருடத்துக்கு உங்களால் நிச்சயம் முடிகிறதை மட்டும் சொல்லுங்கள்: மாதம் முதல் ஞாயிறு மாலை அம்மா போனில் பத்து நிமிடம். புது வழிகாட்டி வருகிறார் என்றால் கடைசி இரண்டு சந்திப்பில் அவரும் கூட இருக்கட்டும். அவரிடம் பையனின் ரகசியங்களை ஒப்படைக்காதீர்கள். பிடித்த விளையாட்டு, அப்பாவின் திதி வரும் மாதம், பள்ளியில் அப்பா பற்றிய கேள்வி வந்தால் அவன் எப்படி எடுத்துக்கொள்வான் என்ற அளவு போதும்.

பைக் ஓட்டக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்கிறான். 15 வயது. மைதானத்துக்குள்தானே?
*- வாசகர், ஈரோடு*

மைதானத்துக்குள்ளும் வேண்டாம். உங்களிடம் கற்ற மறுவாரம் நண்பனின் வண்டியைச் சாலையில் எடுப்பான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி சிறுவன் வண்டி ஓட்டி மாட்டினால் பாதுகாவலரோ வண்டி உரிமையாளரோதான் குற்றவாளி: மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.25,000 அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. அவனுக்கும் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பாதுகாவலர் என்பது இங்கே அவன் அம்மா. 16 வயதில் எடுக்கக்கூடிய உரிமம் 50 சிசி வரையுள்ள கியரில்லா வண்டிக்கு மட்டும்தான். கியர் பைக்குக்கு 18 ஆக வேண்டும். அதுவரை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்வது, செயினுக்கு எண்ணெய் விடுவது, பிரேக் சரிபார்ப்பது எல்லாம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுங்கள். பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போவதானால் அவனுக்கும் ஹெல்மெட், அம்மாவின் அனுமதி இரண்டும் வேண்டும்.